மிஸ்ஸி சிவகாமியும் நான் சாயம் அடித்த சுவரும்

செவ்வாய்க்கிழமை காலை கிள்ளானில் என் கடையின் இரும்புக் கதவைப் பாதி தூக்கியிருந்தபோது கைப்பேசி அடித்தது. சிவகாமி அம்மையாரின் மகள் கலைவாணியின் பெயரைப் பார்த்ததும், அம்மாவுக்குப் பஞ்சு நனைக்கிற ஸ்பிரிட் தீர்ந்திருக்கும், வாங்கிவரச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "சொல்லும்மா, எத்தனை போத்தல்?" என்றுதான் பேச்சைத் தொடங்கினேன்.

"அங்கிள், அம்மா போயிட்டாங்க," என்றாள் கலை. "காலையில டீ போட்டுட்டுக் கூப்பிட்டேன். எழுந்திரிக்கவே இல்ல அங்கிள்."

பாதி திறந்த கதவுக்குக் கீழேயே ஒரு சாய டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை மாலைதான் அவரை இரயிலேற்றி அனுப்பியிருந்தேன். ஞாயிறு, திங்கள் என்று நடுவில் இருந்தவை இரண்டே நாள்.

பத்து மணிக்குள் எங்கள் அருங்காட்சியகக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குக் கைகூப்பிய படம் போட்டுவிட்டார்கள். அதில் பாதிப் பேர் ஒரு சனிக்கிழமைகூட நாங்கள் வேலை செய்த சுவர்ப் பக்கம் வந்தவர்கள் இல்லை. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால், முதலில் என்மேல்தான். நாளிதழில் வந்த மரண அறிவிப்பு நான்கே வரி. முன்னாள் தாதி, பிரிக்பீல்ட்ஸ்வாசி, வயது எழுபத்தைந்து, ஒரே மகள். அவ்வளவுதான். விட்டுப்போனதைச் சொல்ல வேண்டியவன் நான், ஏனென்றால் அவருடைய கடைசி ஆறு ஆண்டுகளைத் தின்றவன் நான்.

சிவகாமி அம்மையார் பத்து ஆராங்கில் பிறந்தவர். ரவாங் பக்கம் உள்ள சின்ன ஊர் அது. மலாயில் நிலக்கரிக்கு என்ன பெயரோ அதுதான் ஊருக்கும் பெயர். ஒரு காலத்தில் அங்கே தோண்டிய கரியில்தான் நாட்டின் இரயில்கள் ஓடின. அவர் அப்பா அண்ணாமலை அங்கே நிலத்துக்கடியில் கரி வெட்டினார். மகளுக்குப் பத்து வயது இருக்கும்போது சுரங்கத்தை மூடிவிட்டார்கள். குடும்பம் டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மாறியது. மகள் படித்தார், தாதிமைப் பயிற்சிக்குப் போனார், கிள்ளானில் அரசாங்க மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். இரயில்வேயில் இருந்தவரைக் கட்டிக்கொண்டு தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார். இந்த நாட்டில் தாதியை மிஸ்ஸி என்போம். ஓய்வு பெற்று இருபது ஆண்டு ஆன பிறகும் அவரை எல்லோரும் மிஸ்ஸி என்றே அழைத்தோம்.

எனக்கு அவர் அறிமுகமானது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு. புதிதாகச் சாயக்கடை வைத்திருந்தேன். தின்னர் டின் பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைத்த மகா புத்திசாலி நான். வலது காலில் முழங்கால்வரை வெந்துபோய் மருத்துவமனையில் கிடந்தேன். காயத்துக்குக் கட்டு மாற்ற வருபவர்களில் இவர் ஒருவர். மற்றவர்கள் சர்ரென்று பிரிப்பார்கள், நான் ஊரைக் கூட்டுவேன். இவர் பஞ்சை நனைத்துக் கட்டின்மேல் வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடுவார். பதினைந்து நிமிடம் கழித்து வந்து ஒரு சுற்று பிரிப்பார். மறுபடி நனைப்பார்.

"சீக்கிரம் முடிங்க மிஸ்ஸி, பிராணன் போகுது," என்று ஒருநாள் கத்தினேன்.

"அவசரப்பட்டுப் பிரிச்சா தோலும் சேர்ந்து வந்துரும் தம்பி. வேணும்னா சொல்லுங்க, இழுத்துடறேன்."

அவர் கையிலிருந்த கத்தரிக்கோலின் கைப்பிடியில் ஏதோ கீறியிருந்தது. இரண்டு நெட்டுக்கோடு, நடுவில் இரண்டு குறுக்குக்கோடு. சின்ன ஏணி மாதிரி. என்ன அது என்று கேட்டேன்.

"என் அடையாளம். இல்லேன்னா மத்த மிஸ்ஸிங்க என் கத்தரிக்கோலைத் தூக்கிட்டுப் போயிருவாங்க," என்றார். "எங்க அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அவரோட குடை, சாப்பாட்டுத் தூக்கு, எல்லாத்துலயும் ஒரு ஏணி கீறி வச்சிருப்பாரு. அவருக்கு மூணு படி. எனக்கு ரெண்டுதான். அவரவிட நான் குட்டைலா."

கால் ஆறியது. அவரும் நினைவிலிருந்து போய்விட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒருநாள் என் கடைக்கு வந்து, முகப்பில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். "நடை நல்லாத்தான் இருக்கு," என்றார். அப்போதுதான் ஆளை அடையாளம் கண்டுகொண்டேன்.

பத்து ஆராங்கில் இடியாமல் மிச்சமிருந்த பழைய சுரங்கக் கட்டடம் ஒன்றை அருங்காட்சியகமாக்க ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்திருந்தார்கள். மிஸ்ஸிதான் அதன் உயிர்நாடி. ஊரைவிட்டு எப்போதோ போனவர் அவர். ஆனாலும் வாரம் தவறாமல் போய் நின்று, குரங்கும் கொடியும் குடியிருந்த கட்டடத்தைச் சுத்தம் செய்யவைத்து, மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதியும் வாங்கியிருந்தார். வெளிச்சுவருக்குச் சாயம் வேண்டும், கடைக்காரர் கொஞ்சம் குறைத்துத் தர வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தார். சும்மாவே தருகிறேன் என்றேன். அப்படியானால் நீங்களும் குழுவில் சேருங்கள் என்றார். இப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கட்டடம் விளக்கறை. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் விளக்கு வாங்கிக்கொள்ள வரிசையில் நின்ற இடம். உள்ளே நீளமாக ஒரு சுவர். நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? சுண்ணாம்புப் பூச்சில் ஆணியால் கீறி, அதன்மேல் கரித்தூளைத் தேய்த்து, தங்கள் பெயரையும் அடையாளத்தையும் விட்டுப்போயிருந்தார்கள். தமிழில், சீனத்தில், மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியில் என்று கலந்து இருந்தன. எழுதத் தெரியாதவர்கள் மீன், கத்தி, சிலுவைக்கோடு என்று எதையாவது கீறியிருந்தார்கள். நிர்வாகத்தின் பேரேடுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மனிதர்கள் அங்கே இருந்ததற்கு மிஞ்சியிருந்த சாட்சி அந்தச் சுவர்தான். வலது மூலையில், சன்னலுக்குக் கீழே, மூன்று படி ஏணி ஒன்றும் இருந்தது.

இவ்வளவையும் மிஸ்ஸி ஒரு கூட்டத்தில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அன்றைக்குக் கடைக்கு லோரியில் சரக்கு வந்திருந்தது.

திறப்பு விழா நெருங்கியது. சட்டமன்ற உறுப்பினர் வருவதாக ஏற்பாடு. அந்த வாரம் மிஸ்ஸியின் கணவர் மருத்துவமனையில் இருந்ததால் அவரால் வர முடியவில்லை. ஊர்கூடிக் கைகொடுக்கும் கோத்தோங் ரோயோங் நடத்தி எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன், கவலைப்படாதீர்கள் என்று நான் வாக்குக் கொடுத்தேன். கிள்ளானில் எங்கள் கோயில் கும்பாபிஷேகங்களுக்கு மூன்று முறை சாயம் கொடுத்தவன் நான். விழா என்றால் பழசு எதுவும் கண்ணில் படக்கூடாது, எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது இரத்தத்தில் ஊறியது. வெளிச்சுவரை மதியத்துக்குள் முடித்தோம். சாயம் மிச்சம், ஆளும் மிச்சம். உள்ளே எட்டிப் பார்த்தேன். பஸ் ஸ்டாப் மாதிரி சுவர் முழுக்கக் கிறுக்கல்.

கட்டடத்தைக் காவல் காக்கும் பாக் மான் வாசலில் வந்து நின்றார். ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர், அதிகம் பேசாதவர். "மிஸ்ஸியிடம் கேட்டீர்களா?" என்றார் மலாயில்.

"அவங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும் பாக் மான்," என்றேன்.

கீழே சாயம் இறுகப் பிடிக்கச் சீலர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் இரண்டு கோட் வெள்ளை. கடையிலேயே உயர்ந்த ரகம். பத்து ஆண்டு காரண்டி.

விழாவன்று காலை மிஸ்ஸி நேராக மருத்துவமனையிலிருந்து வந்தார். உள்ளே நுழைந்தார். நான் பின்னாலேயே போனேன், பாராட்டு வாங்கத்தான். அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"எத்தனை கோட்?" என்றார்.

"ரெண்டு மிஸ்ஸி. அடியில சீலர் வேற குடுத்திருக்கேன். அசையாது."

"அசையாது," என்று அவரும் சொன்னார். அங்கிருந்த பலகையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சட்டமன்ற உறுப்பினர் வந்தார், ரிப்பன் வெட்டினார், கட்டடம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மேடையில் புகழ்ந்தார். மிஸ்ஸி அவருக்கு டீ எடுத்துக்கொடுத்தார். எல்லோரும் போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

"மாணிக்கம், எங்க அப்பா அந்தச் சுவத்துல இருந்தாரு."

அதன்பிறகு மற்றதையும் சொன்னார். சுவரை ஒழுங்காகப் படம் எடுத்து வைக்கக்கூட இல்லை, நல்ல படக்காரராக ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தாராம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை.

மறுவாரமே என்னிடமிருந்த எல்லா மருந்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். சாயம் உரிக்கும் திரவம், தகட்டுக் கரண்டி, தேய்ப்புக் கட்டை. அரை நாளில் முடித்துக்காட்டுகிறேன் என்று சவடால் விட்டேன். வாசலோரத்தில் ஒரு முழ அகலத்துக்குத் திரவத்தைத் தடவிச் சுரண்டினேன். சாயம் வந்தது. அதோடு சுண்ணாம்பும் வந்தது. 'மு' என்று ஓர் எழுத்து ஒரு கணம் தெரிந்தது, என் கண் முன்னாலேயே பொடியாகக் கொட்டிவிட்டது. முனியாண்டியோ, முருகனோ, முத்துவோ, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"தோலு வந்துருச்சு," என்றார் மிஸ்ஸி. என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வெளியே வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் தம் பழைய மருத்துவமனைப் பெட்டியைக் கொண்டுவந்தார். பஞ்சு, ஸ்பிரிட், இடுக்கி, மழுங்கிய மூங்கில் குச்சி, அந்த இரண்டு படி ஏணிக் கத்தரிக்கோல். உள்ளங்கை அகலத்துக்குப் பஞ்சைக் கத்தரித்து, ஸ்பிரிட்டில் நனைத்துச் சுவரில் ஒட்டினார். காத்திருந்தார். பஞ்சை எடுத்துக் குச்சியால் மெல்ல நெம்பினார். நகத்தளவு சாயம் தோல்போல உரிந்து வந்தது. சுண்ணாம்பு அசையவில்லை. இரண்டாவது கோட்டுக்கு மறுபடி அதே வேலை. சீலருக்கு மறுபடி. கீறலுக்குள் இருந்ததைப் பல்குத்தும் குச்சியால் எடுத்தார். அன்று மாலைக்குள் ஓர் எழுத்தின் பாதி தெரிந்தது.

"நீங்க மட்டமான பெயிண்ட் அடிச்சிருந்தா இந்நேரம் அதுவே உதிர்ந்திருக்கும் மாணிக்கம்," என்றார். "நல்லவரா இருந்து கெடுத்துட்டீங்க."

விழாவுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆறு ஆண்டு இப்படிப் போயிற்று. சனிக்கிழமைதோறும் அவர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் இரயிலேறிக் குவாங் நிலையத்தில் இறங்குவார். நான் கிள்ளானிலிருந்து வேனில் போய் அழைத்துக்கொள்வேன். நடுவில் கணவர் தவறினார். அந்த மாதம் மட்டும் வரவில்லை. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் யாரும் வெளியே போக முடியவில்லை. அப்போது நாள்தோறும் பாக் மானை அழைத்து, "சுவரு எப்படி இருக்கு?" என்று விசாரிப்பாராம். காய்ச்சல்காரரை விசாரிப்பதுபோல் இருக்கும் என்று பாக் மான் சொல்வார்.

அவரிடம் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் இருந்தது. வார்டில் எழுதுவதுபோலவே எழுதுவார். கட்டில் எண், பெயர் அல்லது அடையாளம், கடைசிக் கட்டத்தில் 'டிஸ்சார்ஜ்'. ஒரு பெயர் முழுதாக வெளியே வந்தால்தான் அந்தச் சொல்லை எழுதுவார். "இன்னிக்கு மீன்காரர் டிஸ்சார்ஜ்," என்பார் வேனில் ஏறும்போது. முதல் கட்டிலுக்கு நேராக 'மு' என்று மட்டும் எழுதி, கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். ஒவ்வொரு முறை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதும் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

பெயர் வெளிப்பட்டதும் அவர் வேலை முடியாது. அந்தக் குடும்பத்தைத் தேடுவார். கோயில், சங்கம், பழைய தோட்டத்து ஆட்கள் என்று ஒருவர் விடாமல் அழைப்பார். 'வீ. சின்னையா' என்ற பெயர் வந்தபோது, போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டும் ஒருவர் பேரன் முறை என்று தெரியவந்தது. இரவு ஷிப்டு முடித்த கையோடு, சட்டையைக்கூட மாற்றாமல் வந்தார். சுவருக்கு ஒரு விரற்கடை தூரத்தில் விரலை வைத்து எழுத்தின் வளைவுகளைத் தொடர்ந்தார்.

"எங்க தாத்தாவுக்கு எழுதத் தெரியும்னே எங்களுக்குத் தெரியாது மிஸ்ஸி," என்றார். "கைநாட்டுன்னுதான் வீட்ல சொல்லுவாங்க."

பெரிய உடம்புக்காரர். வெளியே போய் லோரிச் சக்கரத்தில் கைவைத்துக்கொண்டு அழுதார். மிஸ்ஸி உள்ளேயே இருந்து அடுத்த பஞ்சை ஒட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை ஒன்று உண்டு. சென்ற ஆண்டு அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பிறகு நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை செய்ய முடிந்தது. மூலைக்கு இன்னும் இரண்டு மூன்று பாகம் பாக்கி. எனக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ்ஸி, வாசல்ல இருந்து வரிசையா வந்தது போதும். நேரா அந்த மூலைக்குப் போங்க. உங்க அப்பாவை முதல்ல பாருங்க. மத்தவங்களை அப்புறம் பாத்துக்கலாம்லா."

"வார்டுல என் சொந்தக்காரங்க படுத்திருந்தா அவங்களுக்கு முதல்ல ஊசி போட்டுட்டு வருவேனா?"

"இது வார்டு இல்ல மிஸ்ஸி! உங்களுக்கு வயசு எழுபத்து நாலு. நாளைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, நான் செஞ்ச பாவத்தை எங்க கொண்டுபோய்க் கழுவுறது?" சத்தமாகவே கேட்டுவிட்டேன். பாக் மான் எழுந்து வெளியே போய்விட்டார்.

மிஸ்ஸி குச்சியைக் கீழே வைத்தார். "விளக்கு வாங்க வரிசையில நின்னவங்க இவங்க. முன்னால நிக்கிறவரைத் தள்ளிட்டு எங்க அப்பா ஒருநாளும் போனதில்ல. நான் தள்ளிட்டுப் போறதா?" குச்சியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "அந்த மூலையில எங்க அப்பா தனியா இல்ல. வேலைக்கு வந்தவங்க மட்டும் இல்ல, சும்மா வந்து நின்னவங்களும் அங்க உண்டு. அவங்க பொறுத்துக்கலாம்," என்றார்.

யார் சும்மா வந்து நின்றவர் என்று நான் கேட்கவில்லை. கோபத்தில் இருந்தேன். அன்று வேனை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினேன். குவாங்கில் இறங்கும்போது, "அடுத்த சனி வருவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். வராமல் எங்கே போவேன்.

கடைசிச் சனிக்கிழமை சாதாரணமான சனிக்கிழமை. தமிழ்ப் பெயர் ஒன்று 'இரா' வரை வந்திருந்தது. பெட்டியை வழக்கம்போல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். நிலையத்தில், "பஞ்சு தீந்துபோச்சு மாணிக்கம். அடுத்த வாரம் வாங்கிட்டு வாங்க. உங்க பெயிண்ட் மாதிரி காரண்டி உள்ளதா பாத்து வாங்குங்க," என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

செவ்வாயன்று கொமுட்டரில் சென்ட்ரல் நிலையம்வரை போய், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். வண்டி ஓட்டும் நிலையில் இல்லை. அடுக்குமாடியின் கீழே பந்தல் போட்டிருந்தார்கள். கிள்ளானிலிருந்து கிழட்டு மிஸ்ஸிகள் ஒரு கூட்டமாக வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். போர்ட் கிள்ளான் லோரிக்காரர் மாலையோடு நின்றார். பாக் மான் பேரனோடு வந்து கடைசிவரை இருந்தார். மின்சுடலையிலிருந்து திரும்பியபோது என் தலைக்குள் ஒரே எண்ணம்தான் ஓடியது.

மறுநாள் கலையிடம் சொன்னேன். "பதினாறாம் நாளு எல்லாரும் பத்து ஆராங்குக்கு வரட்டும்மா. மூலையில இருக்கிற தாத்தாவோட ஏணியை எல்லாருக்கும் முன்னால திறந்துருவோம். நானே உக்காந்து திறக்கிறேன். அம்மா கண்ணு குளிரும்."

கலை உள்ளே போய் அந்த நீள நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "வரிசையை உடைச்சா அம்மா ஒத்துக்குவாங்களா அங்கிள்? நீங்களே சொல்லுங்க."

நோட்டைத் திறந்து, அடுத்த கட்டில் எண் எது என்று பார்த்தேன்.

கடையை மகனிடம் விட்டுவிட்டேன். காரணம் கேட்டான், உனக்குச் சொன்னால் புரியாது போடா என்றேன். நல்ல பஞ்சாகப் பார்த்து வாங்கிக்கொண்டு, தினமும் காலையில் பத்து ஆராங்குக்குப் போனேன். எனக்கும் எழுபது நடக்கிறது. பாக் மான் பஞ்சை நனைத்துக் கொடுப்பார், நான் ஒட்டுவேன், இருவரும் உட்கார்ந்து காத்திருப்போம். நாற்பது ஆண்டு சாயம் விற்றவன் ஒரு கோட்டைப் பிரித்தெடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 'இரா' என்று நின்றிருந்தது 'இராமன்' ஆயிற்று. அடுத்து ஒரு சீனப் பெயர், மூன்று எழுத்து. அடுத்து ஒரு சிலுவைக்கோடு. ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதினேன். என் கையெழுத்து அவருடையதற்குக் கீழே கோழி கிளறியதுபோல் இருக்கிறது.

நான்கு வாரம் ஓடி, சென்ற வெள்ளிக்கிழமை சன்னலடிக்கு வந்து சேர்ந்தேன். முதலில் ஒரு நெட்டுக்கோடு. பிறகு இன்னொன்று. நடுவில் ஒரு குறுக்கு, இன்னொரு குறுக்கு, மூன்றாவது குறுக்கு. கரித்தூள்கூட அப்படியே இருந்தது. ஆழமாக, நேராகக் கீறிய ஏணி. எழுதத் தெரியாத மனிதரின் கை என்று சொல்ல முடியாது. கலையை அழைத்தேன். வேலையை விட்டுவிட்டுப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கிளம்பிவிட்டாள்.

அவள் வரும்வரை சும்மா இருந்திருக்கலாம். என் கைக்கு ஒரு பழக்கம், எந்தச் சுவரையும் தரைவரை முடிக்காமல் விடாது. ஏணிக்குக் கீழே, என் இடுப்பளவுக்கும் தாழ்வாக, வெறும் வெள்ளையாகக் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே எதுவும் இருக்காது என்றுதான் பஞ்சை ஒட்டினேன். காத்திருந்து, எடுத்து, குச்சியால் நெம்பினேன்.

இரண்டு நெட்டுக்கோடு தெரிந்தது. ஒன்று கோணல். நடுவில் இரண்டு படி.

பாக் மான் குனிந்து பார்த்தார். அலமாரியைத் திறந்து, பெட்டியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துவந்து பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒரே அடையாளம். வரிசையில் நிற்கும் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் ஆணியையே வாங்கி, எட்டிய உயரத்தில் கீறியிருக்கிறது அந்தக் குழந்தை. ஆறு ஆண்டு எங்களோடு உட்கார்ந்து ஊரார் பெயரையெல்லாம் வெளியே எடுத்தவர், தாமும் அந்தச் சுவரில் இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அப்பாவை மூடிவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மிஸ்ஸியையே மூடியிருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்தது. எழுபது வயதுக்காரன் தரையில் உட்கார்ந்து அழுதேன். கலை வந்து பார்த்தபோது, கோணலாக இருந்த அந்தக் கோட்டைக் காட்டி, "அம்மாவுக்கு ஒருநாளும் நேரா கோடு போட வராது அங்கிள்," என்றாள். அம்மாவும் அந்தச் சுவரில் இருந்தது அவளுக்கும் தெரியாத விஷயம் என்று முகத்திலேயே தெரிந்தது.

நோட்டை எடுத்தேன். மூன்று படி ஏணி, அண்ணாமலை, டிஸ்சார்ஜ். அதற்குக் கீழே கடைசி வரி. இரண்டு படி ஏணி, சிவகாமி. கடைசிக் கட்டத்தை நிரப்ப என் கை வரவில்லை. கலைதான் எழுதினாள்.

மிஸ்ஸி, வரிசையை உடைக்கவில்லை. சும்மா வந்து நின்றவரும் பொறுத்திருந்து வெளியே வந்துவிட்டார். தோல் எங்கேயும் வரவில்லை, பாக் மானைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்டிலில் உள்ள 'மு'வுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அப்பாவோடு போய் வாருங்கள்.